வழியில் குறைந்த இரண்டு சட்டைகள்

சிக்ஸ்டனும் டீசாவும் பன்னிரண்டு வருஷம் தொலைபேசியில் சண்டை போட்டார்கள். அத்தனை வருஷத்தில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்ததில்லை. அந்தச் சண்டையை முடித்துவைத்தது நான் மாட்டிய இயந்திரம்தான். நிறுவனத்தில் அதற்காக எனக்குக் கைதட்டினார்கள், கேக் வெட்டினார்கள். ஆனால் அதற்குப் பிறகு சில வாரங்கள், செய்தது சரிதானா என்ற சந்தேகத்தோடுதான் நான் வேலைக்குப் போய்வந்தேன்.

என் பெயர் ரிக்மோர். ஸ்வீடனின் தெற்கே பூரோஸ் நகரில், ஒரு துணி நிறுவனத்தின் மத்தியக் கிடங்கில் இருபது வருஷமாக வேலை. தெற்கே மால்மோவிலிருந்து வடக்கே லூலியோ வரை எங்களுக்கு முப்பத்தொரு கடைகள். எல்லாக் கடைக்கும் சரக்கு பூரோஸிலிருந்துதான் போகும். அனுப்பும் பிரிவுக்குத் தலைவர் சிக்ஸ்டன். அப்போது அவருக்கு ஐம்பத்தாறு வயது. நல்ல உயரம். பெட்டிகளைக் குனிந்து பார்த்துப் பார்த்தே முதுகு கொஞ்சம் வளைந்துவிட்டது. காதில் எப்போதும் ஒரு பென்சில். அவர் மேசையும் என் மேசையும் ஒரே அறையில், ஒரே ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும்.

வியாழக்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவருடைய தொலைபேசி அடிக்கும். ஓஸ்டர்சுண்ட் கடையின் சரக்கறைப் பொறுப்பாளர் டீசா நேஸ்லுண்ட். புதன் மாலை லாரி அங்கே போய்ச் சேரும். வியாழன் காலை அவர் பெட்டிகளைத் திறந்து எண்ணுவார். எண்ணி முடித்ததும் எங்களைக் கூப்பிடுவார். சிக்ஸ்டன் பக்கத்துப் பேச்சு மட்டும்தான் என் காதில் விழும். அதைக் கேட்டே மறுபக்கம் என்ன சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரிந்துவிடும்.

"நாப்பத்தெட்டு வச்சேன். மூணு தடவை எண்ணி வச்சேன்."

டீசா நாற்பத்தாறுதான் இருக்கிறது என்பார்.

"அப்ப நாலாவது தடவை எண்ணிப் பாரு. அங்க பள்ளிக்கூடத்துல நாப்பத்தாறுக்கு மேல சொல்லித்தரலையா?"

பூரோஸில் பெய்கிற மழையில் நனைந்து நனைந்து உன் விரல் சுருங்கிவிட்டதா, எண்ண வரவில்லையா என்று டீசா திருப்பிக் கேட்டாராம். அதை சிக்ஸ்டனே என்னிடம் சொல்லிவிட்டு, மதியம் வரைக்கும் தனக்குத் தானே சிரித்துக்கொண்டிருந்தார்.

விளையாட்டாகப் பேசினாலும் விஷயம் விளையாட்டில்லை. மற்ற கடைகளுக்கெல்லாம் அனுப்பிய எண்ணும் சேர்ந்த எண்ணும் பெரும்பாலும் ஒத்துப்போகும். ஓஸ்டர்சுண்டுக்கு மட்டும் ஏறக்குறைய வாரந்தோறும் ஒன்றோ இரண்டோ குறையும். சிக்ஸ்டன் அந்தக் கடையின் பெட்டிகளை வேறு யாரையும் தொடவிடமாட்டார். தானே எண்ணி, தானே ஒட்டி மூடுவார். மூடுவதற்கு முன் பென்சிலால் ஒரு துண்டுச் சீட்டு எழுதி உள்ளே வைப்பார்: "48. எண்ணியது சிக்ஸ்டன்." காலிப் பெட்டிகள் திரும்பி வரும்போது அதில் ஒரு சீட்டு இருக்கும்: "46. எண்ணியது டீசா."

இருவரில் ஒருவருக்கு எண்ணத் தெரியவில்லை என்பதுதான் நிறுவனத்தில் எல்லோருடைய முடிவும். யார் அந்த ஒருவர் என்பதில்தான் கருத்து வேறுபாடு.

இயந்திரம் வருவதற்கு ஏழு வருஷம் முன்பு சிக்ஸ்டனின் மனைவி குட்ரூன் புற்றுநோயில் இறந்துபோனார். அடக்கம் முடிந்த மறுவாரமே அவர் வேலைக்கு வந்துவிட்டார். வியாழன் ஒன்பது பத்துக்குத் தொலைபேசி அடித்தது. அவர் எடுத்து, இரண்டு நிமிஷம் கேட்டார். பிறகு, "ஆமாம், அடக்கம் வெள்ளிக்கிழமைதான்" என்றார். அதற்குப் பிறகு அரைமணி நேரம் ரிசீவரைக் காதில் வைத்தபடி உட்கார்ந்திருந்தார். அவ்வப்போது ஒரு வார்த்தை, இரண்டு வார்த்தை. நான் எழுந்து வெளியே போய்விட்டேன். அடுத்த வியாழன் மறுபடி அடித்தது, மறுபடி நாற்பத்தெட்டு, நாற்பத்தாறு, பள்ளிக்கூடம், மழை. ரிசீவரை வைத்துவிட்டு என்னைப் பார்த்து, இந்த மாசத்தில் உருப்படியாக நடந்த ஒரே காரியம் இதுதான் என்றார்.

இரண்டாயிரத்துப் பதின்மூன்றில் எங்கள் இயக்குநர் ஜெர்மனியில் ஒரு கண்காட்சிக்குப் போய்வந்தார். இனி நம் சரக்கு முழுவதற்கும் சில்லுச் சீட்டு என்றார். சட்டையில் தொங்கும் விலைச்சீட்டுக்குள் தலைமுடி கனத்தில் ஒரு சுருள் கம்பி, நடுவில் மணல் அளவு சில்லு. ரேடியோ அலை பட்டதும் அது தன் எண்ணைத் திருப்பிச் சொல்லும். பெட்டியைத் திறக்கவே வேண்டாம். அட்டையைத் தாண்டிப் போய் உள்ளே இருப்பதையெல்லாம் ஒரு நொடியில் படித்துவிடும். வேலையை முன்நின்று செய்ய என்னைத் தேர்ந்தெடுத்தார்கள். சீட்டு அச்சடிக்கும் இயந்திரம் மக்கர் செய்தால் நான்தான் சரிசெய்வேன் என்பதைத் தவிர அதற்கு வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை.

முதலில் கிடங்கிலும் இரண்டு கடைகளிலும் மட்டும் வைத்துப் பார்ப்பது என்று முடிவானது. எந்தக் கடைகள் என்று கேட்டு எல்லோருக்கும் கடிதம் போட்டேன். முப்பது கடைகள் அடுத்த வருஷம் பார்க்கலாம் என்றன. ஓஸ்டர்சுண்டிலிருந்து அன்று மாலையே பதில் வந்தது: "உடனே அனுப்பவும். டீசா." சிக்ஸ்டனும் என் மேசைக்கு வந்து நின்றார்.

"ஓஸ்டர்சுண்டுக்கு முதல்ல போடு. மனுஷன் சொன்னா நம்பமாட்டேங்கறா. மிஷின் சொன்னா நம்புவா."

இரண்டாவது கடையாகப் பூரோஸிலேயே எங்கள் தெருவில் இருந்ததைச் சேர்த்துக்கொண்டோம்.

பெட்டி ஓடும் பட்டையின் நடுவில் ஒரு சுரங்கம்போலக் கூண்டு கட்டினோம். ஒரு பக்கம் பெட்டி நுழையும், மறுபக்கம் வெளியேறும்போது திரையில் எண் தெரியும். முதல் நாள் சிக்ஸ்டன் நாற்பத்தெட்டு எண்ணி வைத்த பெட்டியை அனுப்பினேன். திரை ஐம்பத்து மூன்று என்றது. மறுபடி அனுப்பினேன். ஐம்பத்தொன்று என்றது. சிக்ஸ்டன் காதிலிருந்து பென்சிலை எடுத்துத் தலையைச் சொறிந்துகொண்டார்.

"உன் மிஷின் டீசாவுக்குச் சொந்தக்காரி போல."

அலை பெட்டியோடு நிற்காமல் பின்னால் வரும் பெட்டியையும், சுவரோரம் அடுக்கியிருந்ததையும் சேர்த்துப் படித்துக்கொண்டிருந்தது. கூண்டுக்கு இரும்புத் தகடு அடித்தோம். பெட்டிக்கும் பெட்டிக்கும் ஒரு மீட்டர் இடைவெளி விட்டோம். அலையின் வலுவைக் குறைத்தோம். அதிகம் குறைத்ததில் இரும்புப் பொத்தான் வைத்த ஜாக்கெட்டுகள் திரையில் காணாமல் போயின, கொஞ்சம் கூட்டினோம். இப்படியே இரண்டு மாதம் போயிற்று. சிக்ஸ்டன் தினமும் மாலையில் பெட்டிகளைக் கையால் எண்ணித் திரையோடு ஒப்பிட்டுத் தருவார். நவம்பரில் ஒரு வாரம் முழுவதும் அவர் எண்ணும் திரையின் எண்ணும் ஒன்றாகவே வந்தன. நூற்றுப் பத்துப் பெட்டிகளில் ஒன்றுகூடப் பிசகவில்லை. அவர் திரையின் மேல் செல்லமாக ஒரு தட்டு தட்டிவிட்டு வீட்டுக்குப் போனார்.

ஓஸ்டர்சுண்டில் கருவி பொருத்த நானே போனேன். கோதன்பர்க் வழியாக ரயிலில் ஒரு பகல் முழுவதும் ஆயிற்று. கடையின் பின்கதவில் என்னை வரவேற்ற டீசா என் தோள் உயரம்கூட இல்லை. ஷூ நாடாவில் கோத்த கண்ணாடி கழுத்தில் தொங்கியது. பன்னிரண்டு வருஷமாகத் தொலைபேசியில் சிக்ஸ்டனைப் படுத்திய குரல் இவ்வளவு சிறிய உடம்பிலிருந்தா என்று நினைத்துக்கொண்டேன். அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. கூட வாழ்ந்தவன் நார்வேக்கு வேலைக்குப் போய் அங்கேயே தங்கிவிட்டான் என்பதைக் காபி கொதிப்பதற்குள் சொல்லிவிட்டார். அதில் வருத்தம் எதுவும் தெரியவில்லை. அவன் போனதும் அலமாரியில் நல்ல இடம் கிடைத்தது என்றார்.

கதவுக்கு மேல் ஒரு கருவியைப் பொருத்தினேன். உள்ளே வரும் பெட்டியை அது தானாகப் படித்துக்கொள்ளும். அலமாரிகளைப் படிக்கக் கையில் பிடிக்கும் கருவி ஒன்றையும் கொடுத்தேன். டீசா நிறையக் கேள்வி கேட்டார். எத்தனை தூரத்துக்குப் படிக்கும், ஈரத்துணியைப் படிக்குமா, மர அலமாரிக்குள் படிக்குமா. இரும்பு மூடிவிட்டால் மட்டும் ஒன்றும் தெரியாது என்றேன். அதை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டார்.

சரக்கறைச் சுவரைப் பிறகுதான் கவனித்தேன். தரையிலிருந்து கூரைவரை துண்டுச் சீட்டுகள், வரிசை வரிசையாகக் குண்டூசி குத்தி. எல்லாம் சிக்ஸ்டனின் பென்சில் எழுத்து. நாற்பத்தெட்டு, அறுபது, முப்பத்தாறு. பன்னிரண்டு வருஷத்தது.

நான் பார்ப்பதைப் பார்த்து டீசா, "சாட்சி வேணும்ல" என்றார்.

"இது ஐநூறுக்கு மேல இருக்குமே."

"ஐநூத்தி எண்பத்தொண்ணு. எண்ணியிருக்கேன்."

பூரோஸுக்குத் திரும்பிய மறுநாள் சிக்ஸ்டன் என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. அதற்கு மறுநாள், ஓஸ்டர்சுண்ட் சரக்கறையில் வெளிச்சம் போதுமா என்று கேட்டார். போதும் என்றேன். மேல் அலமாரி அவளுக்கு எட்டுமா என்று கேட்டார். முக்காலி வைத்திருக்கிறார் என்றேன். கண்ணாடி போடுகிறாளா என்றார். போடுகிறார் என்றேன். "நெனச்சேன்" என்று சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கப் போனார். சீட்டுகளைப் பற்றி நான் சொல்லவில்லை. அதைச் சொல்வது என் வேலை இல்லை என்று பட்டது.

டிசம்பர் முதல் வாரம் சில்லு வைத்த முதல் பெட்டி வடக்கே போனது. எங்கள் கூண்டு நாற்பத்தெட்டு கம்பளிச்சட்டைகளைப் படித்தது. புதன் மாலை ஓஸ்டர்சுண்ட் கதவுக் கருவி நாற்பத்தாறைப் படித்தது. வியாழன் டீசா கையால் எண்ணினார், நாற்பத்தாறு. சிக்ஸ்டன் அனுப்புவதற்கு முன் கையால் எண்ணியது நாற்பத்தெட்டு.

இருவரும் அன்று சண்டை போடவில்லை. ரிசீவரை வைத்துவிட்டு சிக்ஸ்டன் என் பக்கம் திரும்பினார்.

"அப்ப அவ சரியாத்தான் எண்ணியிருக்கா, ரிக்மோர்."

அவர் குரலில் வெற்றியும் இல்லை, தோல்வியும் இல்லை. திகைப்புதான் இருந்தது.

வழியில்தான் ஏதோ நடக்கிறது என்பது தெளிவாகிவிட்டது. லாரிக்காரரைச் சந்தேகப்படலாம் என்று மேலிடத்தில் ஒருவர் சொன்னபோது சிக்ஸ்டன் கோபப்பட்டார். இந்தப் பன்னிரண்டு வருஷத்தில் நான்கு ஓட்டுநர்கள் மாறிவிட்டார்கள், நான்கு பேருமா இரண்டு இரண்டு சட்டையாக எடுத்தார்கள் என்று கேட்டார். டீசாவும் தனியாக என்னைக் கூப்பிட்டு அதையேதான் சொன்னார்: தெரியாமல் ஒருவர் பெயரைக் கெடுக்காதே. எதுவும் செய்யாமல் காத்திருந்தோம். ஜனவரியில் மூன்றாவது கடையாகச் சுண்ட்ஸ்வாலுக்குக் கருவி போனது. வடக்கு லாரி முதலில் நிற்பது அங்கேதான். அதன் பிறகு மேற்கே திரும்பி ஓஸ்டர்சுண்டுக்குப் போகும்.

சுண்ட்ஸ்வாலில் முதல் நாள் கடை முழுவதையும் படித்தார்கள். அன்று மதியம் என் திரையில் பதினான்கு வரிகள் சிவப்பில் வந்தன. பதினான்கு துணிகள், எல்லாம் ஓஸ்டர்சுண்டுக்கு என்று பதிவானவை, சுண்ட்ஸ்வால் அலமாரியில் இருந்தன. பழைய கோடு போட்ட சீட்டில் இது தெரிந்திருக்கவே தெரிந்திருக்காது. ஒரே அளவு, ஒரே நிறம் என்றால் எல்லாச் சட்டைக்கும் ஒரே கோடுதான். சில்லில் ஒவ்வொரு சட்டைக்கும் தனி எண். டிசம்பரில் காணாமல் போன இரண்டு கம்பளிச்சட்டைகளில் ஒன்று அங்கே நடு அலமாரியில் விற்காமல் கிடந்தது.

சுண்ட்ஸ்வால் கடைக்குப் பொறுப்பு எவர்ட். நல்ல மனிதர், சத்தமாகப் பேசுவார். நான் கூப்பிட்டு விஷயத்தைச் சொன்னதும் கொஞ்சமும் தயங்கவில்லை.

"ஆமா, நான்தான் எடுத்தேன். எப்பவும் எடுக்கறதுதானே?"

கதை இதுதான். டீசாவுக்கு முன்பு ஓஸ்டர்சுண்ட் சரக்கறையில் இருந்தவர் ஹில்மா என்ற அம்மா. எவர்ட் கடையில் பெரிய அளவுகள் சீக்கிரம் தீர்ந்துபோகும். லாரி வந்து நிற்கும்போது ஓஸ்டர்சுண்ட் பெட்டியைத் திறந்து ஒன்றிரண்டு பெரிய அளவை எடுத்துக்கொண்டு மறுபடி ஒட்டி மூடிவிடுவது என்று இருவருக்கும் ஓர் ஒப்பந்தம். ஹில்மா தன் பதிவில் குறைத்து அவர் பதிவில் ஏற்றிவிடுவார். ஹில்மா ஓய்வு பெற்றுக் கிரீஸ் பக்கம் ஒரு தீவுக்குப் போய்விட்டார். புதிதாக வந்த டீசாவிடம் யாரும் இதைச் சொல்லவில்லை. டீசாவுக்குத் தெரியும் என்றுதான் எவர்ட் நினைத்துக்கொண்டிருந்தார். வருஷாவருஷம் கடைச் சரக்கு முழுவதையும் எண்ணும்போது ஓஸ்டர்சுண்டில் குறைவு, சுண்ட்ஸ்வாலில் மிகுதி. இரண்டு அறிக்கையும் இரண்டு வெவ்வேறு அதிகாரிகளின் கோப்பில் போய் உறங்கின. ஒருவரும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கவில்லை.

நான் விளக்கி முடித்ததும் எவர்ட்டின் சத்தம் அடங்கிவிட்டது.

"அந்த ரெண்டு பேரும் இதுக்காகவா இத்தனை வருஷம் சண்டை போட்டாங்க?"

"ஆமாம்."

"கடவுளே. நான் என்ன செய்யட்டும்?"

அவர் செய்தது, மன்னிப்புக் கடிதத்தோடு இருவருக்கும் ஆளுக்கொரு டப்பா, வடக்கில் விரும்பித் தின்னும், திறந்தால் தெருவே நாறுகிற புளிக்கவைத்த மீன் அனுப்பியது. தெற்கத்திக்காரரான சிக்ஸ்டன் அந்தக் கடிதத்தைப் படித்தார். டப்பாவைக் கிடங்குக்கு வெளியே, சைக்கிள் கொட்டகையின் மறுபக்கம் வைத்துவிட்டு வந்தார்.

அந்தக் கடிதங்கள் வந்து சேர்வதற்கு முன்பே, டீசாவிடம் தானே சொல்வதாகச் சொல்லி சிக்ஸ்டன் ரிசீவரை எடுத்தார். சாட்சிக்கு நான் இருக்கட்டும் என்று ஒலிபெருக்கியையும் போட்டார்.

"டீசா, நான்தான் சிக்ஸ்டன்."

"இன்னிக்கு செவ்வாய்க்கிழமைதானே?"

"தெரியும். சட்டையை எவர்ட் எடுத்திருக்கான். பன்னெண்டு வருஷமா. ஹில்மாவோட ஏதோ பேச்சுவார்த்தையாம். உனக்குத் தெரியும்னு நெனச்சிருக்கான்."

ஒலிபெருக்கியில் நாற்காலி இழுபடுவது கேட்டது.

"அப்ப நீ நாப்பத்தெட்டுதான் வச்சிருக்க" என்றார் டீசா.

"நீ நாப்பத்தாறுதான் எண்ணியிருக்க."

மறுபக்கம் மூச்சை உள்ளே இழுக்கிற சத்தம் கேட்டது. வடக்கத்திக்காரர்கள் ஆமாம் என்பதற்கு வாயைத் திறக்கமாட்டார்கள், இப்படி ஒரு மூச்சோடு சரி. நாங்கள் தெற்கில் இருப்பவர்கள் அதைக் கேட்டால் எதிரே இருப்பவருக்கு ஏதோ ஆகிவிட்டது என்று பதறுவோம். சிக்ஸ்டன் பதறவில்லை.

"அப்ப சரி" என்றார் அவர்.

"சரி" என்றார் டீசா.

வேறு பேச எதுவும் இல்லை என்பது இருவருக்கும் ஒரே சமயத்தில் புரிந்தது என்று நினைக்கிறேன். தொலைபேசி வைக்கப்பட்டது.

அடுத்த வியாழன் ஒன்பது பத்துக்குத் தொலைபேசி அடிக்கவில்லை. அடிக்கக் காரணமே இல்லை. நாற்பத்தெட்டு போயிற்று, நாற்பத்தெட்டு சேர்ந்தது. கூண்டு படித்ததும் ஒரு சீட்டை அச்சடித்துத் தானே பெட்டியில் ஒட்டிவிடும், அதனால் சிக்ஸ்டன் பென்சிலால் எழுதுவதும் நின்றுபோனது. என் அறிக்கையில் வடக்குப் பாதைக்கு எதிரே பிழை பூஜ்யம் என்று போட்டேன். இயக்குநர் கேக் வரவழைத்தார். சிக்ஸ்டனும் ஒரு துண்டு வாங்கிக்கொண்டார். அதை மேசையில் வைத்துவிட்டு ஒன்பதேகால் வரைக்கும் தொலைபேசியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நீங்களே கூப்பிடுங்களேன் என்று ஒரு நாள் சொன்னேன். என்னவென்று கூப்பிடுவது என்று கேட்டார். வெயில் மழை விசாரிக்கலாமே என்றேன். அதற்கு வானிலை அறிக்கை இருக்கிறது, வேலை நேரத்தில் ஒரு மனுஷியைக் கூப்பிட்டு மழையைப் பற்றிப் பேசினால் என்ன நினைப்பாள் என்றார். ஐம்பத்தாறு வயது மனிதர், பெண் வீட்டு வாசலில் நிற்கிற பையன்போலக் கையைப் பிசைந்துகொண்டிருந்தார். பிப்ரவரி முழுவதும் இப்படியே போனது. ஒரு நாள் என்னிடம் வந்து, இந்த இயந்திரம் எப்போதாவது தப்பாகச் சொல்லுமா என்று மெதுவாகக் கேட்டார். ஆயிரத்தில் ஒன்று சொல்லலாம் என்றேன். "ஆயிரத்துல ஒண்ணா" என்று திருப்பிச் சொல்லிவிட்டுப் போனார். மனதுக்குள் எத்தனை வாரம் ஆகும் என்று கணக்குப் போட்டிருப்பார்.

மார்ச் இரண்டாம் வியாழன், ஒன்பது பத்துக்கு அது அடித்தது.

சிக்ஸ்டன் காபியைக் கொட்டிக்கொண்டார். எடுத்து, கேட்டார். அவர் முகத்தில் இரண்டு மாசமாகக் காணாத ரத்தம் ஏறியது.

"நாப்பத்தேழா? அதெப்படி? நான் நாப்பத்தெட்டு வச்சேன், மிஷினும் நாப்பத்தெட்டுன்னு சொல்லிச்சு."

டீசா ஏதோ சொன்னார்.

"கண்ணாடியைத் துடைச்சுப் போட்டுக்கிட்டு எண்ணு."

இப்படி இருபது நிமிஷம் நடந்தது. அதற்குள் நான் என் திரையில் பதிவைத் திறந்தேன். பழக்கம்தான். புதன் மாலை நான்கு இருபதுக்கு ஓஸ்டர்சுண்ட் கதவுக் கருவி அந்தப் பெட்டியைப் படித்திருந்தது. நாற்பத்தெட்டு. நாற்பத்தெட்டு எண்களும் வரிசையாக இருந்தன. வியாழன் காலை கைக்கருவியில் நாற்பத்தேழு. அடர்நீல நிறக் கம்பளிச்சட்டை ஒன்று கதவைத் தாண்டி உள்ளே போய், இரவோடு இரவாக அந்தச் சரக்கறைக்குள்ளேயே மறைந்துவிட்டது.

சிக்ஸ்டன் ரிசீவரை வைத்துவிட்டு என்னிடம் வந்தார். நேரில் போய் எண்ணிப் பார்ப்பதுதான் ஒரே வழி, நாளைக்கே கிளம்புகிறேன், மூன்று நாள் என் மேசையைப் பார்த்துக்கொள் என்றார். எனக்கு மனசாட்சி உறுத்தியது.

"சிக்ஸ்டன், கதவுக் கருவியில என்ன வந்திருக்குன்னா..."

"பாத்தேன்."

"பாத்தீங்களா?"

"நேத்து சாயங்காலமே பாத்தேன். நாப்பத்தெட்டு. நீ பாக்கல, ரிக்மோர். சரியா?"

நான் திரையை மூடினேன்.

அங்கே நடந்ததை டீசாதான் பின்னால் எனக்குச் சொன்னார். வெள்ளிக்கிழமை மாலை சிக்ஸ்டன் ரயில் நிலையத்திலிருந்து பையோடு நேரே கடைக்கு வந்தாராம். கோட்டைக்கூடக் கழற்றாமல் சுவரைப் பார்த்தபடி நின்றாராம். தன் கையெழுத்துச் சீட்டுகளைக் கீழிருந்து மேல்வரை, ஒரு வரிசை விடாமல் பார்த்தார். பெட்டி எங்கே என்று கேட்டார். மேசையில் கொட்டி, எண்ணினார். நாற்பத்தேழு. மறுபடி மடித்து அடுக்கி, எண்ணினார். மூன்றாவது தடவையும் எண்ணினார். பிறகு பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு டீசாவைப் பார்த்துச் சொன்னார்:

"நாப்பத்தேழுதான். நீ சொன்னதுதான் சரி. நான் தப்பா எண்ணிட்டேன்."

பன்னிரண்டு வருஷத்தில் அந்த மனிதர் ஒரு தடவைகூடச் சொல்லாத வார்த்தை. அதைக் கேட்டதும் தனக்கு அழுகை வந்துவிட்டது என்றார் டீசா. உள்ளே போய், மொறுமொறு ரொட்டி வைக்கிற பெரிய தகர டப்பாவை எடுத்துவந்து அவர் முன் வைத்துத் திறந்தார். உள்ளே அடர்நீலச் சட்டை, ரொட்டித் துகளோடு.

"நீ தப்பா எண்ணல. நான்தான் ஒளிச்சு வச்சேன்."

"தெரியும்."

"எப்பலேருந்து?"

"நீ கூப்பிட்டப்பவே. கதவு மிஷின் புதன்கிழமையே நாப்பத்தெட்டுன்னு சொல்லிடுச்சு."

"தெரிஞ்சுமா பத்து மணி நேரம் ரயில்ல வந்த?"

"பதினொண்ணு. நடுவழியில ஆங்கேங்கற ஸ்டேஷன்ல ஒரு மணி நேரம் நிப்பாட்டிட்டான்."

டீசா மூச்சை உள்ளே இழுத்தார். சிக்ஸ்டன் அந்தச் சட்டையை உதறி, துகளைத் தட்டி, மடித்து மற்றவற்றோடு வைத்தார். பிறகு இருவரும் டீசா வீட்டுக்குப் போய், பழுப்புப் பாலாடைக்கட்டியும் மான்கறியும் சாப்பிட்டார்கள். எவர்ட் அனுப்பிய மீன் டப்பாவையும் திறந்தார்களாம், மாடியில் நின்று, பனியில். டீசா சாப்பிட்டார். சிக்ஸ்டன் ஒரு வாய் எடுத்துக்கொண்டார், அதற்கு மேல் சொல்வதற்கு இல்லை.

மூன்று நாள் என்று போனவர் ஒன்பதாவது நாள் வந்தார். அந்த ஒன்பது நாளும் அனுப்பும் பிரிவை நான் ஓட்டினேன். மாத அறிக்கையில் வடக்குப் பாதைக்கு எதிரே ஒரு பிழை என்று பதிவாகியிருந்தது. காரணம் என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று வெகுநேரம் யோசித்து, "கண்டறியப்பட்டது, சரிசெய்யப்பட்டது" என்று எழுதினேன். யாரும் கேட்கவில்லை.

அடுத்த இலையுதிர்காலத்துக்குள் முப்பத்தொரு கடைக்கும் கருவி போய்விட்டது. ஆரம்பத்தில் முரண்டு பிடித்த மால்மோ கடைக்காரர்களே, சரக்கை எண்ண இனி ஞாயிற்றுக்கிழமை வரவேண்டாம் என்று தெரிந்ததும் எனக்குச் சாக்லேட் அனுப்பினார்கள். சிக்ஸ்டன் அதற்குள் மாதம் இரண்டு தடவை ரயிலேறத் தொடங்கியிருந்தார். வியாழன் காலைத் தொலைபேசியும் திரும்ப வந்துவிட்டது; எண்களைப் பற்றி மட்டும் யாரும் பேசுவதில்லை. ஒரு வருஷம் கழித்து அவர் வேலையை விட்டுவிட்டு வடக்கே குடியேறினார். ஓஸ்டர்சுண்ட் நகராட்சியில் பனிச்சறுக்குப் பாதைகளுக்கான பொருட்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கிளம்பும் நாளில் என் கையைப் பிடித்துக்கொண்டு, உன் மிஷினுக்கு என் சார்பில் நன்றி சொல்லிவிடு என்றார். இயந்திரத்துக்கு எப்படி நன்றி சொல்வது என்று கேட்டேன். அவர் யோசித்துப் பார்த்துவிட்டு, எண்ணெய் போடு என்றார். அதில் எண்ணெய் போடுகிற இடமே கிடையாது.

போன மார்ச்சில் அவர்களைப் பார்க்கப் போயிருந்தேன். என்னை ஏரிக்கு இழுத்துக்கொண்டு போனார்கள். ஸ்டூர்ஷோன் ஏரி கண்ணுக்கு எட்டியவரை உறைந்துகிடந்தது. டீசா பனிக்கட்டியில் துளை போட்டு, தூண்டிலை இறக்கிவிட்டு, கலைமான் தோலை விரித்து உட்கார்ந்தார். சிக்ஸ்டன் பக்கத்தில் உட்கார்ந்து, கோதன்பர்க் கால்பந்து அணி இந்த வருஷம் ஏன் தோற்கிறது என்று எனக்கு விளக்கிக்கொண்டிருந்தார். எனக்குக் கால்விரல் மரத்துப்போயிற்று. டீசாவுக்கும் குளிர்ந்திருக்க வேண்டும். கையுறையைக் கழற்றி, தூண்டிலை இடக்கைக்கு மாற்றிவிட்டு, வலக்கையை சிக்ஸ்டனின் கோட்டுப் பைக்குள் விட்டுக்கொண்டார். தன் சொந்தப் பைபோல, பார்க்காமலே. சிக்ஸ்டன் பேச்சை நிறுத்தவில்லை. கொஞ்சம் நகர்ந்து உட்கார்ந்தார், கை நன்றாக உள்ளே போகட்டும் என்று.